லாரி ரிப்பேரும் வார்மர் ரிப்பேரும்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

ஓசூர் - இராயக்கோட்டை ரோட்டுல, சானமாவு காட்டை ஒட்டி, ராத்திரி பத்து மணிக்கு ஒரு லாரி நின்னுபோச்சுன்னு வைங்க. ராகி அறுவடை சீசன். யானைக் கூட்டம் இந்தப் பக்கம் இருக்கு, ஜாக்கிரதைன்னு வனத்துறை சொல்லிட்டுப் போயிருக்காங்க. அப்படிப்பட்ட நேரத்துலயும் டிரைவர் ஒரு போன் போட்டா, ஒரு அண்ணன் ஸ்பேனர் பையோட பைக்குல வந்து நிப்பார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூணுலயும் திட்டிக்கிட்டே வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்துட்டுப் போவார்.

அதே ராத்திரி, அதே வட்டாரத்துல, பிரசவ வார்டுல ஒரு ரேடியன்ட் வார்மர் நின்னுபோச்சுன்னா?

போன் போடலாம். ரெஜிஸ்டர்ல எழுதலாம். கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்கலாம். ஆனா அந்த ராத்திரி ஸ்பேனர் பையோட யாரும் வரமாட்டாங்க.

இத்தனைக்கும் லாரியில ஓடற பாகங்கள் பல ஆயிரம். வார்மர்ல இருக்கறது ஒரு ஹீட்டர், குழந்தை வயித்துல ஒட்டற ஒரு வெப்ப சென்சார், ரெண்டுக்கும் நடுவுல ஒரு கன்ட்ரோல் போர்டு. அவ்வளவுதான். சிக்கலான மிஷினை நடுக்காட்டுல சரி பண்ண முடியுது, எளிய மிஷினை ஆஸ்பத்திரிக்குள்ள சரி பண்ண முடியலை. ஏன்? இந்தக் கேள்விக்குப் பின்னாடி நூத்தி நாப்பது வருஷ வரலாறு ஒண்ணு இருக்கு. பாரிஸ்ல ஒரு கோழிக்குஞ்சுப் பெட்டியில ஆரம்பிக்குது.

1870-களின் கடைசி. ஸ்தெஃபான் தார்னியேன்னு ஒரு பிரசவ மருத்துவர், பாரிஸ்ல ஒரு மிருகக்காட்சிசாலைக்குப் போறார். அங்க ஒடீல் மார்ட்டின் என்பவர் கோழி முட்டை பொரிக்கறதுக்கு ஒரு சூடான பெட்டி செஞ்சு வெச்சிருக்கார். அதைப் பார்த்ததும் டாக்டருக்கு ஒரு யோசனை. "இதே மாதிரி மனுஷக் குழந்தைக்கு ஒண்ணு செஞ்சு தர முடியுமா?" என்கிற மாதிரிதான் கேட்டிருக்கணும். பெட்டி ரெடியாகி 1880 வாக்குல பாரிஸ் மகப்பேறு மருத்துவமனைக்கு வந்தது.

விளைவு என்னன்னு 1883-ல ஒரு கணக்கு வெளிவந்தது. 2 கிலோவுக்குக் குறைவான எடையில பிறந்த குழந்தைகள்ல 66% பேர் இறந்துட்டிருந்த இடத்துல, இறப்பு 38% ஆகக் குறைஞ்சது. ஆன்டிபயாடிக் கிடையாது, வென்டிலேட்டர் கிடையாது, ஐவி ஃப்ளூயிட் கிடையாது. வெறும் சூடு மட்டும்.

குறைப்பிரசவக் குழந்தைக்குத் தோலுக்கடியில கொழுப்பு இல்ல. எடையோட ஒப்பிட்டா உடம்போட மேற்பரப்பு அதிகம். நம்மள மாதிரி நடுங்கி சூடு உண்டாக்கவும் தெரியாது. உடம்பு ஜில்லுன்னு ஆச்சுன்னா சர்க்கரை இறங்கும், மூச்சு தடுமாறும், அப்புறம் வரிசையா எல்லாம் சரியும். சானமாவுல டிசம்பர் குளிரு எப்படின்னு இங்க இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாமளே ஸ்வெட்டருக்குள்ள நடுங்கற ஊர் இது.

இப்ப வர்றது எனக்குப் பிடிச்ச பகுதி. மார்ட்டின் செஞ்ச முதல் பெட்டியில கீழே ஒரு கொதிகலன், தண்ணி தானா சூடாகிச் சுத்தி வர்ற அமைப்பு, பல குழந்தைகளை ஒண்ணா வைக்கற அளவுக்கு இடம் எல்லாம் இருந்தது. அந்தக் காலத்துக்குப் பெரிய டெக்னாலஜி. ஆனா பெட்டி அளவுக்கு மீறிச் சூடாகிடும். அதனால தார்னியேவோட உதவியாளர் ஓவார் அதைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு, சின்ன மரப்பெட்டி ஒண்ணு செஞ்சார். அடித்தட்டுல வெந்நீர் பாட்டில்கள், மேல் தட்டுல குழந்தை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் பாட்டிலை மாத்தணும். அவ்வளவுதான். பரவினது இந்தப் பெட்டிதான். காரணம் எளிமை. பாட்டில் உடைஞ்சா இன்னொரு பாட்டில். நர்ஸே மெக்கானிக்.

அதுக்கப்புறம் இன்குபேட்டர் வளர்ந்த கதை நீளம். தெர்மோஸ்டாட் வந்தது, மின்சாரம் வந்தது, கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்தது, ஈரப்பதம், அலாரம், டிஸ்ப்ளே எல்லாம் வந்தது. ஒவ்வொண்ணும் உயிர் காத்தது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒவ்வொண்ணும் வரும்போது, அதைத் திறந்து பார்க்கத் தெரிஞ்ச ஆள் படுக்கையிலிருந்து ஒரு படி தள்ளிப் போயிட்டார். நர்ஸ் கையிலிருந்து ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் கைக்கு, அங்கிருந்து கம்பெனி இன்ஜினியர் கைக்கு, அங்கிருந்து வேற நாட்டுல இருக்கற ஒரு குடோனுக்கு.

1978. கொலம்பியாவோட தலைநகர் போகோட்டா. அங்க ஒரு பெரிய அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி. இன்குபேட்டர் போதலை. ஒரே பெட்டியில ரெண்டு மூணு குழந்தைகளைப் படுக்க வைக்க வேண்டிய நிலைமை. ஒரு குழந்தைக்கு வந்த தொற்று பக்கத்துக் குழந்தைக்கும் போகுது. எட்கர் ரே என்கிற மருத்துவர், மிஷின் வரட்டும்னு காத்திருக்காம, குழந்தையை அம்மாவோட நெஞ்சுல, தோலோட தோல் படற மாதிரி, செங்குத்தா கட்டி வெச்சார். அடுத்த வருஷம் ஹெக்டர் மார்ட்டினெஸ் என்கிற மருத்துவரும் சேர்ந்துக்கிட்டார். இதுதான் இன்னைக்கு நாங்க "கங்காரு கேர்"னு உங்ககிட்ட சொல்றது.

ரொம்ப நாள் இதை "ஏழை நாட்டு மாற்று"ன்னுதான் பார்த்தாங்க. மிஷின் இல்லாதவங்க பண்றதுன்னு. 2021-ல ஒரு பெரிய ஆய்வு வந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, டான்சானியான்னு ஐந்து நாடுகள், 3,211 குழந்தைகள், எல்லாம் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள்ள. பிறந்த உடனே கங்காரு கேர் ஆரம்பிச்ச குழுவுல 28 நாளுக்குள்ள இறப்பு 12%. முதல்ல வார்மர் அல்லது இன்குபேட்டர்ல வெச்சு, நிலைமை சீரான பிறகு கங்காரு கேர் கொடுத்த குழுவுல 15.7%. வித்தியாசம் தெளிவா தெரிஞ்சதால ஆய்வையே பாதியில நிறுத்திட்டாங்க. 2022-ல உலக சுகாதார நிறுவனமும் தன்னோட பரிந்துரையை மாத்தி, பிறந்த உடனே ஆரம்பிங்கன்னு சொல்லிடுச்சு.

உடனே "அப்போ வார்மரே வேண்டாமா டாக்டர்?"னு கமென்ட்ல வராதீங்க. வேணும். மூச்சே விடாம பிறக்கற குழந்தையை அம்மா நெஞ்சுல வெச்சு ஆக்ஸிஜன் பேக் அழுத்த முடியாது. அம்மாவே ஐசியுல இருந்தா என்ன பண்றது? அந்த ஆய்வு நடந்த இடங்கள்ல பக்கத்துலயே மானிட்டர், சிபாப், ஆக்ஸிஜன் எல்லாம் வேலை செய்யற நிலையில இருந்தது. அதையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

இப்ப நம்ம ஊர் லாரி மெக்கானிக் கதைக்குள்ள வர்றார்.

2000-களின் கடைசியில பாஸ்டன்ல ஒரு குழு இதே கேள்வியைக் கேட்டாங்க. ஏழை நாடுகளுக்கு தானமா போற இன்குபேட்டர்கள் கொஞ்ச நாள்ல பழுதாகி மூலையில கிடக்குது. ஆனா அதே ஊர்கள்ல பழைய டொயோட்டா ஜீப்புகள் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கே, எப்படி? ஏன்னா அதுக்கு ஸ்பேர் கிடைக்குது, கை வைக்கத் தெரிஞ்ச ஆள் இருக்காங்க. அப்போ கார் பாகங்களை வெச்சே இன்குபேட்டர் செஞ்சா என்ன?

செஞ்சாங்க. பேரு நியோநர்ச்சர். ஹெட்லைட்தான் ஹீட்டர். டாஷ்போர்டு ஃபேன் காத்தைச் சுத்த விடும். அலாரத்துக்கு இண்டிகேட்டர் லைட்டும் கதவு மணியும். கரண்ட் போனா மோட்டார்சைக்கிள் பேட்டரி. டைம் பத்திரிகை 2010-ல வெளியிட்ட சிறந்த 50 கண்டுபிடிப்புகள் பட்டியல்ல இடம் பிடிச்சுது. மியூசியம் கண்காட்சிக்குக்கூடப் போச்சு.

எத்தனை ஆஸ்பத்திரிக்குப் போச்சு? ஒண்ணுக்கும் இல்ல. உற்பத்திக்கே வரலை.

அந்தக் குழுவுல இருந்த திமோத்தி பிரெஸ்டெரோவே பின்னாடி ஒரு மேடையில இதை வெளிப்படையா பேசினார். அவங்க ஐடியாவை வடிவமைச்சாங்க, ஆனா யார் தயாரிப்பாங்க, ஆஸ்பத்திரியில யார் வாங்குவாங்க, யார் தேர்ந்தெடுப்பாங்கன்னு யோசிக்கலைங்கறதுதான் விஷயம். இன்னொண்ணும் உண்டு. எந்த ஆஸ்பத்திரிக்கும் கார் பாகத்துல செஞ்ச மாதிரி தெரியற மிஷின் வேண்டாம். ஏழை நாட்டு ஆஸ்பத்திரிக்கும் கௌரவம் உண்டுங்க. எங்க லேபர் வார்டுல ஹெட்லைட் மாட்டின பெட்டியைக் கொண்டுவந்து வெச்சா, குழந்தையோட பாட்டி முதல்ல என்னைத்தான் ஏற இறங்கப் பார்ப்பாங்க.

அடுத்து அவங்க செஞ்சது மஞ்சள் காமாலைக்கான ஒளி சிகிச்சை கருவி, ஃபயர்ஃப்ளை. இந்தத் தடவை வியட்நாம்ல ஏற்கெனவே ஆஸ்பத்திரி கருவி தயாரிக்கற ஒரு நிறுவனத்தோட சேர்ந்துக்கிட்டாங்க. நீல எல்இடி, கழட்டிப் போட வேண்டிய பாகம் குறைவு. தொட்டிலை வேணும்னே சின்னதா வெச்சாங்க. பெரிசா இருந்தா கூட்ட நேரத்துல ரெண்டு மூணு குழந்தைகளைச் சேர்த்துப் படுக்க வெச்சுடுவாங்க, அப்ப ஒருத்தருக்கும் சரியா வெளிச்சம் படாதுன்னு தெரிஞ்சு செஞ்ச வேலை. வார்டுல நின்னு பார்த்தவங்களுக்குத்தான் இது தோணும்.

ஒளி சிகிச்சைன்னு வந்ததால ஒரு கிளைக்கதை. பழைய மாடல்கள்ல நீல டியூப்தான். அந்த டியூப் வயசாக ஆக, நமக்குத் தேவையான அலைவரிசை ஒளி குறைஞ்சுகிட்டே போகும். கண்ணுக்கு என்னவோ பளிச்சுன்னு நீலமாத்தான் எரியும். குழந்தை ரெண்டு நாள் லைட்டுக்கடியில இருக்கும், பிலிருபின் இறங்காது. ஒளியோட அளவைப் பார்க்கற மீட்டர் வெச்சு அளந்தாத்தான் குட்டு வெளிப்படும். எரியாத லைட்டை விட, எரிஞ்சுகிட்டே வேலை செய்யாத லைட்தான் எனக்கு பயம். நின்னுபோன மிஷினை யாரும் நம்பமாட்டாங்க.

சரி, ஆஸ்பத்திரியை விட்டுட்டு உங்க வீட்டு அடுப்படிக்கு வருவோம். உங்க வீட்டு மிக்ஸியே ஒரு ரிப்பேர் கதையில பிறந்ததுதான்.

1960-கள். பம்பாய்ல மாதுரி மாத்தூர்னு ஒரு பெண்மணி. அவங்க வீட்டுல பிரான் கம்பெனியோட ஜெர்மன் மிக்ஸர். ஐரோப்பிய சமையலுக்கு, பழச்சாறு, கேக் மாவுன்னு யோசிச்சு செஞ்ச மோட்டார். நம்ம மசாலா, ஊறவெச்ச பருப்பு எல்லாம் போட்டா தாங்குமா? நின்னுபோச்சு. இங்க சரி பண்ணிக் கொடுக்க ஆள் இல்ல. கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர் சீமென்ஸ்ல இன்ஜினியர். நம்ம அரைப்புக்குத் தாங்கற மோட்டாரை வெச்சு ஒண்ணு செய்யலாம்னு இறங்கினார். 1963-ல தொடங்கின அந்த முயற்சிதான் சுமீத் மிக்ஸி. எழுபது எண்பதுகள்ல தமிழ்நாட்டு வீடுகள்ல "மிக்ஸி"ன்னாலே சுமீத்தான். அப்புறம் 1978-ல சென்னையில ப்ரீத்தி வந்தது.

கவனிச்சீங்களா? போகோட்டா டாக்டரும் பம்பாய் இன்ஜினியரும் செஞ்சது கிட்டத்தட்ட ஒண்ணுதான். வேற ஊருக்காக செஞ்ச மிஷின் நம்ம ஊர்ல தோத்துப்போகும்போது, நம்ம ஊர் நிலைமையிலிருந்து ஆரம்பிச்சு யோசிச்சாங்க.

மிக்ஸி பழுதானா இன்னைக்கும் நமக்கு வழி தெரியும். கப்ளர் தேஞ்சுபோச்சா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில மாத்திக்கலாம். கார்பன் பிரஷ் போச்சா, அதுவும் சில்லறைக் காசு. ஜார் பிளேடு மொட்டையாச்சா, சாணை பிடிக்கறவர் தெருவுக்கே வருவார். எங்கம்மா ஒரு மிக்ஸியை இருபது வருஷமா ஓட்டறாங்க. அதுல ஒரிஜினலா மிஞ்சி இருக்கறது அந்த வெள்ளை பாடி மட்டும்தான்னு நினைக்கறேன்.

ஓசூரே இப்படி ரெண்டு விதமான மிஷின்களுக்கு நடுவுல வளர்ந்த ஊர்தான். எழுபதுகள்ல சிப்காட் வந்தது. 1980-ல அசோக் லேலண்ட் ஆலை. அதே வருஷம் இங்கிருந்து டிவிஎஸ் 50 வெளிய வந்தது. ரெண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் இந்திய மொபெட். பால்காரர், தபால்காரர், வாத்தியார், எங்க விஎச்என் அக்கா வரைக்கும் எல்லாரையும் சுமந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, உப்புத்தாள்ல தேய்ச்சு, ஊதி மாட்டத் தெரியாத ஆள் இந்தப் பக்கம் அந்தக் காலத்துல கிடையாது. இன்னைக்கு அதே வம்சத்து எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக் ஆகி, 2020-லிருந்து ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் ஆயிடுச்சு. புகை குறைஞ்சது, மைலேஜ் கூடிச்சு, நல்லதுதான். ஆனா செக் லைட் எரிஞ்சா உப்புத்தாள் உதவாது.

கடிகாரக் கதை இன்னும் துல்லியம். 1961-ல ஜப்பான் சிட்டிசன் நிறுவனத்தோட சேர்ந்து எச்எம்டி பெங்களூர்ல வாட்ச் செய்ய ஆரம்பிச்சது. சாவி கொடுக்கற வாட்ச். ஒரு கண்ணுல லென்ஸ் மாட்டிக்கிட்டு, கழட்டி, பெட்ரோல்ல கழுவி, எண்ணெய் விட்டு மாட்டற ரிப்பேர்காரர்கள் ஊருக்கு ஊர் இருந்தாங்க. 1984-ல டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பிச்சாங்க. ஆலை ஓசூர்ல. நேரம் தப்பாத குவார்ட்ஸ் வாட்ச். அதுல உள்ள ஏதாவது போச்சுன்னா கழுவி எண்ணெய் விடறதுக்கு ஒண்ணும் இல்ல, மூவ்மென்ட்டையே மாத்திட வேண்டியதுதான். 2016-ல எச்எம்டி வாட்ச் உற்பத்தி முடிவுக்கு வந்தது. லென்ஸ் மாட்டின அந்தக் கண்களும் கொஞ்சம் கொஞ்சமா பேட்டரி மாத்தற கண்களா ஆயிடுச்சு.

வாட்ச்ல இது பெரிய நஷ்டம் இல்லன்னு நினைக்கறேன். குவார்ட்ஸ் மலிவு, துல்லியம், போனா மாத்திக்கலாம். ஆனா "போனா மாத்திக்கலாம்"ங்கற அதே நியாயம் ஆஸ்பத்திரிக்குள்ள நுழையும்போதுதான் சிக்கல். பல லட்ச ரூபாய் மிஷின்ல நூறு ரூபாய் பாகம் போனாலும், மொத்த போர்டையும் மாத்தணும்னு கொட்டேஷன் வரும்.

எவ்வளவு மிஷின் இப்படிக் கிடக்குது? டியூக் பல்கலைக்கழகத்து ராபர்ட் மால்கினும் லோரா பெர்ரியும் 2011-ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. 16 நாடுகள், 1,12,040 கருவிகள். சராசரியா 38.3% வேலை செய்யாத நிலை. இந்தியாவுல 2015 வாக்குல தேசிய சுகாதார இயக்கம் மாநிலம் மாநிலமா எண்ணிப் பார்த்தப்போ, 29,115 அரசு மருத்துவ நிலையங்கள்ல 7,56,750 கருவிகள், மதிப்பு சுமார் 4,564 கோடி ரூபாய். மாநிலத்துக்கு மாநிலம் 13%-லிருந்து 34% வரை இயங்காம கிடந்தது. நாலாயிரத்துச் சொச்சம் கோடி நம்ம வரிப்பணம், அதுல அத்தனை சதவீதம் துணி போர்த்தி மூடி வெச்சிருக்கு.

அந்தக் கணக்கெடுப்புக்கு அப்புறம்தான் கருவிப் பராமரிப்புக்குன்னே ஒரு திட்டம் வந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில கருவிகள் 95% நேரம் ஓடணும், சமுதாய சுகாதார நிலையத்துல 90%, ஆரம்ப சுகாதார நிலையத்துல 80%ன்னு இலக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மட்டும் ஏன் 80ன்னு எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அங்க இருக்கறதே ஒரே ஒரு வார்மர். அது இயங்காத 20% நேரத்துல பிறக்கற குழந்தைக்கு மாத்து மிஷின் கிடையாது. மாவட்டத்துல பத்துல ஒண்ணு போனா ஒன்பது இருக்கு. கணக்கு தலைகீழா இருக்கணும்.

நம்ம மாநிலத்தைப் பத்தி நியாயமா ஒண்ணு சொல்லணும். 1994-லயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்னு மருந்து, கருவி வாங்கறதுக்குத் தனி நிறுவனம் ஆரம்பிச்சாங்க. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் படிச்ச மாதிரி அது. மருந்து விஷயத்துல அதோட பெருமை நியாயமானது. ஆனா மருந்து ஒரு தடவை வாங்கி ஒரு தடவை கொடுத்தா கதை முடிஞ்சது. மிஷின் வாங்கற அன்னைக்குத்தான் கதையே ஆரம்பம்.

மால்கின் செஞ்ச இன்னொரு வேலை எனக்கு இதைவிட முக்கியம். 11 நாடுகள்ல 60 ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த 2,849 ரிப்பேர் கோரிக்கைகளை எடுத்து, எது எதுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்னு பிரிச்சுப் பார்த்தாங்க. வெளிநாட்டு ஸ்பேர் எதுவும் இல்லாமலே பெரும்பாலானது சரியாச்சு. பழுதானதுல மூணுல ரெண்டு பங்கை வெறும் 107 திறமைகள் தெரிஞ்ச ஒருத்தர் திரும்ப ஓட வைக்கலாம்னு கண்டுபிடிச்சாங்க. என்ன திறமைகள்? மின்சாரம், மெக்கானிக்கல், பவர் சப்ளை, பிளம்பிங், மோட்டார், அப்புறம் சரியா பொருத்தறதும் பயன்படுத்தச் சொல்லித்தர்றதும்.

அந்தப் பட்டியலை இன்னொரு தடவை படிங்க. இதுல பாதி ஓசூர் ஐடிஐ பையனுக்குத் தெரியும்.

நான் பார்த்த வரைக்கும் வார்டுல தினசரி போறது எல்லாமே சில்லறை சமாச்சாரம். வார்மர் சென்சார் வயர், பிளக் கழுத்துல மடங்கி மடங்கி உள்ளயே அறுந்துடும். சக்‌ஷன் மிஷின்ல மோட்டார் நல்லா ஓடும், ஜார் மூடி வாஷர் வெடிச்சதால உறிஞ்சாது. பிபி கருவி பலூன் ஓட்டை. நெபுலைசர் ஃபில்டர் அடைப்பு. தொட்டில் சக்கரம். ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர்ல தூசி ஃபில்டரைக் கழுவறதே இல்ல. அடுத்து கரண்ட். 2012 வாக்குல ஒரு நாளைக்கு 12 மணி நேரம் கரண்ட் இல்லாத காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. இப்ப அவ்வளவு மோசம் இல்ல. ஆனா போற கரண்டை விட, திரும்பி வர்ற கரண்ட்தான் போர்டைச் சாப்பிடுது. வரும்போது வோல்டேஜ் ஒரு துள்ளு துள்ளும். வீட்டுல ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் போட்டு, கரண்ட் வந்தும் சில நிமிஷம் கழிச்சுத்தானே ஓட விடறோம்? அதே மரியாதையை ஐந்து லட்ச ரூபாய் மிஷினுக்கும் கொடுக்கணும்.

"அப்படின்னா அந்த லாரி அண்ணனையே கூப்பிட்டு வார்மரைக் கொடுத்துட வேண்டியதுதானே?"

இங்கதான் நான் பிரேக் போடறேன். சக்கரம், வாஷர், பிளக், ஃபியூஸ், ஃபில்டர் எல்லாம் சரி. ஆனா சென்சார் 36.5 டிகிரின்னு காட்டறப்போ குழந்தை உண்மையிலயே 36.5-ல இருக்கான்னு சரிபார்க்கறது வேற வேலை. லாரி தப்பா ரிப்பேர் ஆனா வழியில நிக்கும். வார்மர் தப்பா ரிப்பேர் ஆனா நிக்காது, ஓடும். அதான் ஆபத்து.

இந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1971-ல அமெரிக்காவுல நுகர்வோர் வழக்கறிஞர் ரால்ஃப் நேடர், பெண்கள் பத்திரிகை ஒண்ணுல எழுதினார். ஆஸ்பத்திரி மின்கருவிகள்ல ஷாக் அடிச்சு வருஷத்துக்கு 1,200 பேர் சாகறாங்கன்னு. அந்த எண்ணிக்கை கடைசிவரை நிரூபணம் ஆகலை. ஆனா நாடு பதறிப்போச்சு. ஆஸ்பத்திரிக்குள்ளயே கருவிகளைச் சோதிக்க இன்ஜினியர்களை நியமிக்கற பழக்கம் அங்க வேகமெடுத்ததுக்கு அந்தக் கட்டுரையும் ஒரு காரணம். ஆதாரமில்லாத ஒரு எண், உருப்படியான ஒரு வேலையை செஞ்சிருக்கு. வரலாறு சில சமயம் இப்படியும் நடக்குது. (வாட்ஸ்அப் ஃபார்வேர்டுக்கு இதை நியாயமா எடுத்துக்காதீங்க.)

அதனால எனக்கு வேண்டியது ரெண்டு கைக்கு நடுவுல இருக்கற ஒரு கை. அந்த 107 திறமை தெரிஞ்ச, எது தன் வேலை இல்லன்னும் தெரிஞ்ச ஒரு டெக்னீஷியன், ஒவ்வொரு வட்டார ஆஸ்பத்திரியிலயும். மாவட்டம் முழுக்க ஓடற பயோமெடிக்கல் இன்ஜினியரைக் குறை சொல்லலை. அவர் தேன்கனிக்கோட்டையில இருக்கும்போது ஊத்தங்கரையிலிருந்து போன் வரும். மனுஷன் என்ன பண்ணுவார்?

ஆள் இருந்தா மட்டும் போதுமா? மேனுவல் வேணும், ஸ்பேர் வேணும். கொரோனா வந்த 2020-ல உலகம் முழுக்க வென்டிலேட்டரைத் திறக்க முடியாம தவிச்சாங்க. அந்த மே மாசம் ஐஃபிக்ஸிட் என்கிற ரிப்பேர் இணையதளம், 13,000-க்கு மேற்பட்ட மருத்துவக் கருவி மேனுவல்களைத் திரட்டி இலவசமா போட்டது. அதுக்கு முன்னாடியே, டான்சானியாவுல வேலை பார்த்த ஃபிராங்க் என்கிற ஜெர்மன் இன்ஜினியர் தனியாளா ஒரு தளத்துல மேனுவல்களைச் சேர்த்து வெச்சிருந்தார். கம்பெனிகள் கொடுக்க வேண்டியதைத் தனி மனுஷங்க சேகரிச்சுக் கொடுத்திருக்காங்க.

நம்ம நாட்டுலயும் அரசு "பழுது பார்க்கும் உரிமை"ன்னு 2022 ஜூலையில ஒரு குழு போட்டது, அந்த டிசம்பர்லயே ஒரு இணையதளமும் வந்தது. நாலு துறைகள்: விவசாயக் கருவிகள், மொபைல் போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். உங்க டிராக்டர் இருக்கு, போன் இருக்கு, வாஷிங் மெஷின் இருக்கு, லாரியும் இருக்கு. வார்மர் இல்ல. வென்டிலேட்டர் இல்ல. டெண்டர் போடும்போதே மேனுவல், சர்க்கியூட் படம், பத்து வருஷத்துக்கு ஸ்பேர் தர்ற உறுதி எல்லாம் வாங்கிட்டுத்தான் மிஷினை உள்ள விடணும்னு ஒரு வரி சேர்த்தாலே பாதி பிரச்சினை தீரும். விலை கொஞ்சம் கூடும். கூடட்டும். விலை குறைஞ்ச மிஷின் மூணாவது வருஷம் துணி போர்த்திக்கிட்டா அது எப்படி மலிவு?

நோயாளியோட வர்றவங்க என்ன பண்ணலாம்னு கேட்பீங்க. மூணு விஷயம் சொல்றேன். "மிஷின் ரிப்பேர்"னு சிஸ்டர் சொன்னா அவங்களைத் திட்டாதீங்க, புகார் எண் என்னன்னு கேளுங்க. எழுத்துல பதிவான பழுதுதான் சரியாகும். குறைமாசக் குழந்தைன்னா, கங்காரு கேர் எப்ப ஆரம்பிக்கலாம்னு நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்க. அம்மாவுக்கு முடியலைன்னா அப்பா செய்யலாம், பாட்டியும் செய்யலாம். எங்க வார்டுல ஒரு சிப்காட் ஷிஃப்ட் தொழிலாளி, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து குளிச்சுட்டு, சட்டைக்குள்ள 1,400 கிராம் பொண்ணை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தே தூங்குவார்.

மூணாவது, தயவுசெஞ்சு வார்மர் பிளக்கைப் பிடுங்கிட்டு போன் சார்ஜரை மாட்டாதீங்க. சார்ஜ் போட நர்சிங் ஸ்டேஷன் பக்கத்துல தனி பாயின்ட் இருக்கு, கேட்டா காட்டுவாங்க.